பாயின் குரல் என் கையில் அறுந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டுத் தையல் மிஷின் மேஜை மீது ஒரு கருவி இரண்டாகத் திறந்து கிடந்தது. சின்ன டார்ச் லைட் மாதிரி உருவம், கைக்கு அடக்கம். அதன் தலைப்பக்கத்துக் கம்பிச்சுருளிலிருந்து, அதாவது காயிலிலிருந்து, தலைமுடி மொத்தத்தில் ஒரு செம்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு, எதிலும் சேராமல், மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அது ஆடக் கூடாத கம்பி. அரை நிமிடத்துக்கு முன்பு வரை ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அறுத்தது நான்.

அந்தக் கருவி ஒரு மனிதரின் குரல். அலங்காரத்துக்காக இப்படிச் சொல்லவில்லை. வில்லியனூர் கடைவீதியில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் விற்கிற அமானுல்லா பாய்க்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு மூன்று வருடமாக அவர் பேசியதெல்லாம் இந்தக் கருவியால்தான். பட்டனை அமுக்கித் தாடைக்குக் கீழே வைத்தால் அது அதிரும். அந்த அதிர்வை அவர் நாக்காலும் உதட்டாலும் சொல்லாக மாற்றுவார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகள் ஷாகிராவுக்கு நிக்காஹ்.

போன வாரம் இந்தப் பத்தியில் வால்வு ரேடியோக்களைப் பற்றி நான் அளந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். "எல்லாவற்றையும் சரிசெய்ததாகவே எழுதுகிறீர்களே அம்மா, எதையுமே கெடுத்ததில்லையா?" என்று ஒரே ஒரு வரி. கெடுத்திருக்கிறேன் ஐயா. நாலைந்து வருடத்துக்கு முன்னால் நடந்தது. இந்த வாரம் அதையே எழுதிவிடுகிறேன்.

தைக்காத மேஜை

முதல்முறையாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். உறுவையாறில் வீடு. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தேன். படித்து முடித்து வெளியே வந்தபோது கெட்டுப்போன டி.வி.யைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க ஊர் பழகியிருந்தது. வேலை பள்ளியில் கிடைத்தது. படித்த படிப்பு வீட்டில் பொழுதுபோக்காக உட்கார்ந்துகொண்டது.

தையல் மிஷின் கல்யாணச் சீராக வந்தது. எனக்கு ஒரு ஊக்கு வைத்துத் தைக்கக்கூட வராது. அதன் இழுப்பறைகளில் நூல்கண்டுக்குப் பதிலாக ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும் இருக்கும். ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் டிரான்சிஸ்டர்கள். பாண்டிச்சேரி ஞாயிறு சந்தைக்கு மற்றவர்கள் சட்டை எடுக்கப் போவார்கள். நான் பழைய சாமான் பரப்பி வைத்திருப்பவர்கள் முன்னால் குந்தியிருப்பேன். அப்படிக் கிடைத்ததுதான் பிரெஞ்சில் எழுத்து போட்ட ஒரு வோல்ட் மீட்டர். முள் இன்றைக்கும் நடுங்காமல் நிற்கும்.

இன்னொரு நாள் கருப்புப் பெயின்ட் பூசிய கண்ணாடி டிரான்சிஸ்டர் இரண்டு கிடைத்தன. மிகப் பழையவை. அந்தப் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு வெளிச்சத்தில் காட்டினால் மீட்டர் முள் நகரும். கையால் மறைத்தால் இறங்கும். ஒரு மத்தியானம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன்.

"இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்றார் என் கணவர் செல்வம்.

"இன்னா பண்ணணும்? பாத்துக்கினு இருப்பேன்."

அவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மிஷின்களைப் பார்த்து அலுத்தவர். வீட்டுக்கு வந்தும் ஒருத்தி மிஷினைப் பிரிப்பதை அவர் ஒரு வியாதி என்றே நினைக்கிறார். சண்டைக்கு வரமாட்டார்.

ஊர்க்காரர்களின் மிக்ஸி, எமர்ஜென்சி லைட், சாமி ஊர்வலத்து ஆம்ப்ளிஃபயர் என்று எது வந்தாலும் வாங்கிவைத்துக்கொள்வேன். கூலி கிடையாது, கேரண்டியும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்படித்தான் பாயின் கருவியும் வந்தது.

பாய் பேசிய விதம்

ஆபரேஷனுக்கு முன்னால் பாயின் குரல் கடைவீதி முழுக்கத் தெரியும். எதிர்ச்சாரியில் சைக்கிளில் போகிறவரை இங்கிருந்தே நிறுத்துவார். "இன்னாபா, நெல்லு களத்துல கெடக்குது, நீ பாட்டுக்குப் போற? மானத்தப் பாத்தியா?" அவர் வானத்தைக் காட்டினால் வெயில் காய்கிற நாளில்கூட நாலு பேர் தார்ப்பாய் வாங்கிப் போவார்கள். மடுகரையிலிருந்தும் மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்தும் அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதல்முறை கொடிக்கயிறு வாங்கப் போனபோது கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கருவியை எடுத்துத் தாடைக்கடியில் வைத்து, "டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்றார். பள்ளியில் வேலை என்பதால் அவருக்கு நான் டீச்சர்தான்.

தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போன்ற சத்தம் அது. சொற்கள் தெளிவாக இருந்தன. ஆனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கேள்வியும் திட்டும் ஒரே மாதிரி ஒலித்தன. அவர் கிண்டல் செய்கிறாரா கோபப்படுகிறாரா என்பதைப் புருவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவரும் அதற்கேற்ப புருவத்தை நன்றாகத் தூக்கப் பழகியிருந்தார்.

கடை முன்னால் நின்று சிரித்த பள்ளிப் பிள்ளைகளையும் அவர் விரட்டவில்லை. பட்டனை விட்டுவிட்டு அமுக்கி ஒரு ஹாரன் சத்தம் கொடுத்தார். பிள்ளைகள் அப்படியே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

பத்து நிமிட வேலை

அந்தச் செவ்வாய்க்கிழமை ஷாகிராதான் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை.

"விஜயாக்கா, அத்தா லோடு எறக்கும்போது கீழ வுட்டுட்டாரு. அமுக்கினா சத்தமே வரல. சாயங்காலம் வந்து வாங்கிக்கிட்டுமா?"

"ஞாயித்துக்கெழம கல்யாணத்த வெச்சிக்கினு நீ ஏன்டி ரோட்ல சுத்தற? போ. நான் பாத்துக்கறேன்."

பிரச்சினை உப்புச்சப்பில்லாதது. பேட்டரியைத் தொடுகிற ஸ்பிரிங் துருப்பிடித்து, விழுந்த அதிர்ச்சியில் விலகியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வளைத்துவிட்டேன், பட்டனை அமுக்கினேன். கிர்ர்ரென்று அலறியது. பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அங்கேயே மூடியிருக்க வேண்டும்.

மூடவில்லை. அதுபோன்ற ஒரு கருவியின் உள்ளே நான் அதுவரை பார்த்ததில்லை. எப்படி அதிர்கிறது, எது எதைத் தட்டுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. "தலைக்குள்ளயும் தூசி இருக்கும், தொடச்சிடலாம்" என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். தலை மூடியைத் திருகினேன். இறுகியிருந்தது. கொஞ்சம் பலமாகத் திருகினேன். உள்ளே இருந்த காயில் மூடியோடு சேர்ந்து சுற்றியதை நான் உணர்வதற்குள் கம்பி அறுந்துவிட்டது.

ஈயம் உருக்கி மறுபடி ஒட்டவைக்கப் பார்த்தேன். சூட்டில் காயில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி, கம்பி இன்னும் உள்ளே போய் அறுந்தது. இனி ஒட்ட முனையே இல்லை. சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு முற்றத்துக் குழாயில் முகம் கழுவினேன்.

ஷாகிராவுக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலைல நானே கொண்டாறேன்" என்றேன். "சரிக்கா" என்றாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

செல்வம் சொன்ன வழி

ஷிப்ட் முடிந்து வந்த செல்வம் மேஜையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு யோசித்தார்.

"கீழ வுழுந்ததுதான?"

"ஆமா."

"அப்போ வுழுந்ததுலயே உள்ள அறுந்து பூட்ச்சின்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது? நீ வேணும்னேவா பண்ண?"

நியாயமான வார்த்தையாகத்தான் பட்டது. ராத்திரி சோறு வடிக்கும்போதுகூட அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். விழுந்ததில் உள்ளே அறுந்திருக்கிறது பாய். நன்றாகவே வந்தது.

காலையில் கருவி கொடுத்த மருத்துவமனைக்குப் போன் செய்து விசாரித்தேன். புதிது வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

அட்டையில் எழுதியது

பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் தம்பி. கல்யாண வேலைக்காக வந்தவர், கடையையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாய் புருவத்தைத் தூக்கிக் கையை நீட்டினார். பையிலிருந்து கருவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

"பாய், நீங்க கீழ போட்டதுல ஒண்ணும் ஆவல. அத்த நான் சரி பண்ணிட்டேன். அப்புறம் உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்க ஆசப்பட்டுத் தெறந்தேன். தெறக்கும்போது நான்தான் அறுத்துட்டேன்."

வீட்டில் பழகிய வாக்கியம் ஏன் வரவில்லை என்று தெரியாது. அவர் கையை நீட்டிய விதம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

பாய் என்னைப் பார்த்தபடியே பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பிறகு கருவியைக் கல்லா மேல் வைத்துவிட்டு எழுந்து, கடைக்குள் போய், சாக்கு மூட்டைகளைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

தம்பி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "வுடுங்க டீச்சர். ஒண்ணும் பிரச்சன இல்ல. நிக்காஹ்ல பொண்ணோட அத்தாதான் சொல்லணும்னு இல்ல. அவரு என்னை வக்கீலா வெச்சா நான் சொல்லலாம். மார்க்கத்துல எடம் இருக்குது." வக்கீல் என்றால் அங்கே பெண்ணின் தகப்பனார் சார்பாகப் பேசுகிறவர். குரலை உயர்த்தி உள்பக்கம் கேட்டார்: "இன்னாண்ணே, நான் சொல்லிட்டுமா?"

பாய் மூட்டை மீது உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். தூசி பறந்தது. தார்ப்பாய் சுற்றி வந்த அட்டை ஒன்றைக் கிழித்து, பேனாவால் எழுதி, திரும்பாமலேயே பின்னால் நீட்டினார். தம்பி வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

'நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்.'

அந்த அட்டையை நான் கீழே வைத்தேனா, திருப்பிக் கொடுத்தேனா, நினைவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்டாண்டில் நின்ற என் வண்டி பக்கத்தில் ஷாகிரா வந்தாள். வீடு கடைக்கு மேலேதான், கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, அத்தாவுக்கு உங்க மேல கோவம் இல்ல. கத்த முடியலன்ற கோவம்."

"என் மேலயும் இருக்கட்டும்டி. இருக்கணும்."

"ரெடி பண்ண முடியுமாக்கா?"

முடியும் என்று சொல்லத் தைரியம் இல்லை. "அதே மொத்தத்துல கம்பி கெடச்சா முடியும்" என்றேன்.

கம்பி தேடிப் போனது

காயில் என்பது ஒன்றுமில்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் உருளையில் வார்னிஷ் பூசிய செம்புக் கம்பியை இத்தனை சுற்று என்று சுற்றியிருப்பார்கள். கரன்ட் போனால் காந்தமாகும். உள்ளே இருக்கிற சின்ன உலக்கையை இழுத்துத் தள்ளும். உலக்கை தலையில் உள்ள தட்டைத் தட்டும். மொத்தக் குரலும் அந்தத் தட்டல்தான். கம்பி மெலிந்தால் சூடாகிக் கருகும். மொத்தமாக இருந்தால் அத்தனை சுற்று அடங்காது.

என்னிடம் மைக்ரோமீட்டர் கிடையாது. பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் அளந்து பத்தால் வகுப்பேன். பழைய கம்பியை அப்படி அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர், ஒரு கம்பிக்கு அதில் பத்தில் ஒன்று. சுவர்க் கடிகாரத்துக் காயிலைப் பிரித்துப் பார்த்தேன், சிலந்தி நூல் மாதிரி இருந்தது. மிக்ஸி மோட்டார் கம்பி கயிறு மாதிரி இருந்தது. பாண்டியில் மோட்டார் காயில் கட்டுகிற இரண்டு கடைகளில் கேட்டேன். அவ்வளவு மெல்லிசு வைப்பதில்லை என்றார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மடுகரை பஸ் ஏறினேன். இரண்டு பக்கமும் கரும்பு. கண்டக்டர் என் மடியில் இருந்த பென்சிலையும் ஸ்கேலையும் பார்த்து, "பரீட்சையா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மடுகரையில் அற்புதமேரி என்று ஒரு அம்மா பழைய சாமான் கொட்டகை வைத்திருக்கிறார். நான் வருடத்துக்கு இரண்டு தடவை போவேன். அன்றைக்குப் போனபோது கொட்டகைப் பின்பக்கம் உளியும் சுத்தியலுமாகச் செம்பை வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா தாயி. இன்னைக்கு ரேடியோ ஒண்ணும் வர்ல."

"ரேடியோ வேணாம்மா. மெல்லிசு கம்பி வேணும். பழைய ரிலே, டெலிபோன் சாமான் ஏதாச்சும் கெடக்குதா?"

"ரிலேன்னா?"

"சின்னதா, இரும்புச் சட்டத்துல நூல்கண்டு மாதிரி சுத்தியிருக்கும்."

"அதுவா! ஒரு பொட்டி வந்துச்சே. காலைலேர்ந்து அத்தத்தான் ஒடைக்கறானுங்க." திரும்பிக் கத்தினார். "டேய், நிறுத்துங்கடா! மீதி இருக்குதா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பெட்டி நிறைய பழைய தொலைபேசி ரிலேக்கள். முக்கால்வாசி உளியால் பிளந்து, கம்பியெல்லாம் துண்டு துண்டாகக் குவிந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். அப்படிப்பட்ட சாமான், வெள்ளிப் புள்ளி வைத்த காண்டாக்டுகள், தேய்மானமே இல்லை. அடியில் ஐந்து உடையாமல் இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் முனையைப் பிரித்துப் பென்சிலில் சுற்றினேன். முதல் மூன்றும் மெல்லிசு. நாலாவது மொத்தம். ஐந்தாவதில் பத்துச் சுற்று ஒன்றரை மில்லிமீட்டரில் போய் நின்றது.

இன்னொரு தடவை சுற்றி அளந்தேன். அதேதான்.

"கெடச்சிட்ச்சா?" என்றார் அற்புதமேரி. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு மற்ற நாலையும் சேர்த்து ஒரு பையில் போட்டார். "இதுங்களையும் எடுத்துக்கினு போ. அவரு பேசணும்."

நூற்று எண்பத்து நாலு

பழைய காயிலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எண்ணினேன். பத்துக்கு ஒரு கோடு போட்டேன். நூற்று எண்பத்து நாலு.

சுற்றுவதற்கு அந்த மேஜையின் சொந்தக்காரியே உதவினாள். தையல் மிஷினில் பாபினில் நூல் சுற்றுகிற முளை இருக்கிறதல்லவா, அதில் கருவியின் உருளையை மாட்டினேன். சக்கரத்தை விரலால் தள்ளித் தள்ளி, இன்னொரு கையால் கம்பியை வழிநடத்தினேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்த மிஷினை நான் ஒழுங்காகப் பயன்படுத்தியது அன்றைக்குத்தான்.

முதல் தடவை நூற்று இருபதைத் தாண்டியதும் கம்பி அறுந்தது. இழுத்துப் பிடித்துவிட்டேன். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். செல்வம் கதவோரம் நின்று, "நான் எண்ணட்டுமா?" என்றார். எண்ணினார். நான் சுற்றினேன். அவர் எண்ணுகிற வேகத்துக்கு என் கை தானாகவே நிதானமானது. நூற்று எண்பத்து நாலில் "போதும்" என்றார். முனைகளை ஒட்டி, மேலே நகப்பாலிஷ் பூசி, உருளையைப் பசை போட்டுப் பொருத்தினேன்.

பசை இறுக ஒரு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்கத் தொடக் கூடாது. தொடவில்லை. பள்ளியில் ஒரு பரிசோதனைக்கு வைக்க வேண்டிய லென்சுக்குப் பதில் கண்ணாடிப் பட்டகத்தை வைத்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை பட்டனை அமுக்கினேன். வந்தது, ஆனால் சளி பிடித்த மாதிரி கம்மலாக. உலக்கைக்கும் தட்டுக்கும் இடைவெளி அதிகம். மூடியைக் கால் சுற்று இறுக்கினேன். கிர்ர்ரென்று மேஜையே அதிர்ந்தது. செல்வம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார், சாமியையா கருவியையா தெரியவில்லை.

ஒரு சின்னத் திருகு

பாய் வீட்டு மாடியில் பந்தல் துணி, பூக்கூடை, சொந்தக்காரர்களின் பைகள். நடுவில் பாயை உட்காரவைத்துக் கருவியைக் கொடுத்தேன். அவர் மனைவி ஜுபைதாக்கா, ஷாகிரா, தம்பி எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

பாய் தாடைக்குக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். புருவம் நகரவில்லை.

"டீச்சர்" என்றார். "உள்ள இன்னா இருந்துச்சி?"

வீடே சிரித்தது. நான்தான் சிரிக்க முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒரு திருகு இருந்துச்சி பாய்" என்றேன். அது உண்மை. பிரித்து மாட்டும்போது பார்த்தேன். பேட்டரிப் பக்கத்தில், ஸ்டிக்கருக்குக் கீழே, கடுகளவில் ஒரு திருகு. அதிர்வின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைத்தது. அதை யாரும் தொட்டதே இல்லை. கம்பெனியில் எப்படி வைத்தார்களோ அப்படியே மூன்று வருடம் பாய் பேசியிருக்கிறார்.

"உங்க கொரல ஏத்தலாம், எறக்கலாம். வெச்சிப் பாக்கலாமா?"

பாய் ஜுபைதாக்காவைப் பார்த்தார்.

"எறக்கு விஜயா" என்றார் ஜுபைதாக்கா. "மூணு வருசமா ஒரு கொசுவோட குடும்பம் நடத்தறேன்."

சின்ன ஸ்குரு டிரைவரால் ஒரு முடியளவு திருப்பினேன். பாய் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னார். குரல் இறங்கியது. "இன்னும்" என்றார் ஜுபைதாக்கா. திருப்பினேன். "ஐயோ, இது போலீஸ்காரன் மாதிரி இருக்குது" என்றாள் ஷாகிரா. ஏற்றினேன். "இது சித்தப்பா மாதிரி." தம்பி கோபித்துக்கொண்டார். மறுபடி கொஞ்சம் இறக்கினேன். பாய் கருவியைக் கழுத்தில் வைத்து, ஜுபைதாக்காவின் பெயரைச் சொன்னார். வெறும் பெயர்தான்.

ஜுபைதாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அது அவருடைய பழைய குரல் இல்லை. அப்படியெல்லாம் எந்தத் திருகாலும் முடியாது. ஏற்ற இறக்கம் இல்லாத அதே இரைச்சல்தான். ஆனால் இப்போது ஐம்பத்தைந்து வயது ஆண் ஒருவர் பேசுகிற உயரத்தில் இருந்தது. நான் திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைத்தேன்.

கிளம்பும்போது பாயிடம், "ஒரேயடியா ரொம்ப நேரம் அமுக்காதீங்க, காயில் சூடாவும்" என்று எச்சரித்தேன். தலையாட்டினார். பிறகு மெல்ல, "நீங்க பொய் சொல்லிருக்கலாம். நான் நம்பிருப்பேன்" என்றார். அது குற்றச்சாட்டா நன்றியா என்று புருவத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை

வில்லியனூரில் ஒரு சின்ன மண்டபம். ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று, நடுவில் பச்சைத் திரை. நான் ஷாகிராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடப்பது எங்களுக்கு மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி வழியாகத்தான் கேட்கும். எனக்குப் பிரியாணி வாசனையும் தெரியவில்லை, மல்லிகை வாசனையும் தெரியவில்லை. அந்தப் பசை ஒரு நாளில் இறுகுமா, ஒன்றரை நாள் வேண்டுமா என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் ஓதினார். பிறகு பாயிடம் மைக்கைக் கொடுக்கச் சொன்னது கேட்டது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை.

பெட்டியில் முதலில் ஒரு கிர்ர் வந்தது. ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. பிறகு பாய் சொன்னார்:

"என் மகள் ஷாகிராவ, உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு குடுத்தேன்."

இடையில் ஒருமுறை பட்டனை விட்டு அமுக்கினார். நான் சொன்னதை நினைவில் வைத்திருந்திருக்கிறார். ஒரு எழுத்துகூட உடையவில்லை. நான் என்னையறியாமல் ஷாகிராவின் தோளைப் பிடித்திருந்தேன், கையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மாப்பிள்ளை. ஏற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். பெட்டி உஸ்ஸென்று இரைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஹஜ்ரத், "கொஞ்சம் சத்தமா" என்றார். மறுபடியும் ஏதோ ஒரு முணுமுணுப்பு. பாவம், நல்ல பையன். முன்னூறு பேருக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்றாவதாக ஹஜ்ரத் வாயைத் திறப்பதற்குள் பெட்டியில் கிர்ர் கேட்டது.

"மாப்ள, சத்தமா சொல்லுங்க. எனக்கே கேக்கல."

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வெடித்தார், அதன்பிறகு எல்லாரும். பெண்கள் பக்கமும் பற்றிக்கொண்டது. ஷாகிரா தலைகுனிந்திருந்தாள், முக்காடு குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்துக்கிட்டேன்!" என்று மாப்பிள்ளை கத்தினார். பெட்டி கீச்சிட்டது. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

ஜுபைதாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, முழங்கையால் இடித்தார்.

"வாயப் பாத்தியா விஜயா, இந்த மனுசனுக்கு!"